இணைப்பை எடுத்தாச்சு, கோப்பு அங்கேயே இருக்கிறது

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், பாடம் நடத்தியவர்கள், வேலை பார்த்தவர்கள் என ஏறத்தாழ 43,000 பேரின் பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவில் அந்த எண் கையில் கிடைத்தால் அடுத்தவர் பெயரில் கடன் வாங்கலாம், வரித் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். அந்தக் கோப்பு பல்கலைக்கழகத்தின் எஃப்டிபி சர்வர் ஒன்றில் கிடந்தது. கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள முன்பு புழங்கிய ஏற்பாடு அது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. போகவேண்டிய காரணமும் இல்லை.

2010 செப்டம்பரில் கூகுள் தன் தேடலில் ஒரு மாற்றம் செய்தது. எஃப்டிபி சர்வர்களில் உள்ளவற்றையும் தேடி எடுத்துச் சேர்க்கத் தொடங்கியது. யேல் எதையும் மாற்றவில்லை, புதிதாக எதையும் வெளியிடவில்லை. அடுத்த பத்து மாதங்கள் அந்தக் கோப்பு கூகுளில் தேடினால் கிடைக்கும் நிலையில் இருந்தது. 2011 ஜூனில்தான் பல்கலைக்கழகத்துக்கே விஷயம் தெரிந்தது.

இதில் பூட்டை உடைத்தவர் எவரும் இல்லை. பூட்டே இல்லாத கதவு ஒன்று ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் இருந்தது. ஒருநாள் அந்தச் சந்து ஊர் வரைபடத்தில் ஏறிவிட்டது. வரைபடம் போடுகிறவர் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுவதில்லை. இணையதளம் வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் தன் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கும். தேடுபொறியிடம் இருப்பது வேறொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பள்ளி, மருத்துவமனை, சங்கம் போன்ற சிறு அமைப்புகளுக்கு இணையதளம் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். போன கோடையில் ஒரு பள்ளியின் தாளாளர் கூப்பிட்டார். பள்ளியின் பெயரைக் கூகுளில் அடித்தால் பழைய கட்டண விவரம்தான் முதலில் வருகிறது என்பது அவர் குறை. அவர் மேசையிலேயே உட்கார்ந்து கூகுளைத் திறந்து, சைட் என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல், ஒட்டினாற்போல ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டியே பள்ளியின் தள முகவரி என்று இடைவெளி விடாமல் அடித்தேன். இப்படிக் கேட்டால், அந்தத் தளத்திலிருந்து தன்னிடம் இருக்கும் பக்கங்களை மட்டும் கூகுள் வரிசையாகக் காட்டும்.

முகப்பு வந்தது, ஆண்டு விழா வந்தது, பேருந்துத் தடங்கள் வந்தன. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு பிடிஎஃப். தலைப்பு என்று எதுவும் இல்லை, எக்செல் கோப்பின் பெயர் மட்டும். திறந்தால் மாணவர் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தொழில், சாதி, கைபேசி எண், வீட்டு முகவரி என்று கட்டம் கட்டிய பட்டியல். சில ஆண்டுகளுக்கு முன் சேர்க்கைக்குத் தேர்வான பிள்ளைகள். எல்.கே.ஜி.க்கு வந்தவர்கள்.

"அது அப்பவே எடுத்தாச்சே சார். அட்மிஷன் முடிஞ்ச வாரமே எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார் தாளாளர்.

"பக்கத்துல இருந்த லிங்கைத்தான் மேடம் எடுத்திருக்காங்க. ஃபைல் சர்வர்லயே இருக்கு."

நான் பார்க்கும் தளங்களில் அடிக்கடி தட்டுப்படுகிற தவறு இது. வேர்ட்பிரஸில் ஒரு கோப்பை ஏற்றினால், பொதுவாக அது ஆண்டு, மாதம் என்று பிரித்த கோப்புறையில் போய் உட்காருகிறது. பக்கத்தில் நாம் வைப்பது அந்தக் கோப்புக்குப் போகும் வழியை மட்டுமே. வழியை அழித்தால் கோப்பு அழியாது. ஆனால் அந்த வழி ஒரு வாரம் இருந்தபோது கூகுளின் நிரல் வந்துபோயிருக்கும். அதற்கு முகவரி தெரிந்துவிட்டது. பிறகு பக்கத்தில் இணைப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

தேடுபொறியின் வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. கூகுள்பாட் என்கிற நிரல் இணைப்புகளைப் பின்பற்றியும், தளங்கள் கொடுக்கும் சைட்மேப் கோப்பைப் படித்தும் முகவரிகளைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்க்கிறது; இதைக் கிரால் என்பார்கள். பார்த்ததைப் படித்து, புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போடுவார்களே, அதுபோல இன்ன சொல் இன்ன பக்கத்தில் என்று குறித்துக்கொள்கிறது. இதுதான் இண்டெக்ஸ். நாம் தேடும்போது கூகுள் இணையத்தைத் தேடுவதில்லை, இந்தச் சொல்லடைவைத்தான் புரட்டுகிறது. பார்த்த பக்கம் எல்லாம் இண்டெக்ஸில் ஏறுவதும் இல்லை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் 'கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்ற பொருளில் ஒரு தனி வகையே உண்டு. இன்று அந்த வகையில் கிடக்கும் பக்கம் நாளை இண்டெக்ஸுக்குள் வரலாம். ஆகவே இன்று தேடலில் வரவில்லை என்பது இன்றைக்கு மட்டும் உள்ள நிலவரம். யேலில் நடந்ததும் அதுவே.

சைட் என்று போட்டுத் தேடுவது எளிது, யாரும் செய்யலாம். ஆனால் அதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. அது இண்டெக்ஸில் உள்ள எல்லாவற்றையும் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம் எனக் கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. மேலே காட்டும் முடிவுகளின் எண்ணிக்கை ஒரு மதிப்பீடு. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஒன்றுபோல் இருப்பதாகத் தோன்றுகிறவற்றை மறைத்துவிட்டு, விடுபட்டவற்றையும் சேர்த்துத் தேடலாம் என்று அடியில் ஒரு சிறு வரி போட்டிருப்பார்கள். அதை அழுத்தாமல் போகிறவர்களே அதிகம். கண்ணில் பட்டது இருக்கிறது என்பதற்குச் சான்று. படாதது இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

அதனால் அதை ஒரு முறை தேடிவிட்டு மூடிவிடாமல் துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். தளத்தின் பெயரோடு பிடிஎஃப் மட்டும், எக்செல் மட்டும் என்று கோப்பு வகையைச் சொல்லிக் கேட்கலாம். கோப்புகளை ஏற்றும் கோப்புறையின் முகவரியை மட்டும் கொடுத்துக் கேட்கலாம். தளத்தின் பெயரோடு ஆதார், பிறந்த தேதி, மொபைல், சம்பளம், மதிப்பெண் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக் கேட்கலாம். முதன்மை முகவரியைக் கொடுத்தால் அதன் கீழுள்ள துணைத் தளங்களும் சேர்ந்தே வரும். புதுத் தளம் கட்டும்போது ஒத்திகைக்காகப் போட்டு மறந்துபோன பழைய நகல்களை நான் இப்படித்தான் கண்டெடுத்திருக்கிறேன்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன் நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்ட பிறகும் பல இடங்களில் பழைய பழக்கம் நிற்கவில்லை. இந்த எழுத்துருக்களில் ஆன கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது தாறுமாறான ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'சாதிச் சான்றிதழ்' என்று யூனிகோடில் தேடினால் அந்தக் கோப்பு வராது. தேடியவர் ஒன்றுமில்லை என்று எழுந்து போவார். ஆனால் அதே கோப்பில் உள்ள பத்திலக்கக் கைபேசி எண் எந்த எழுத்துருவிலும் எண்ணாகவே இருக்கும். எண்ணைக் கொடுத்துத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் நேராக வந்து நிற்கும். எனவே பழைய தமிழ்க் கோப்புகள் உள்ள தளத்தைச் சோதிக்கும்போது சொற்களை மட்டும் நம்பாமல், பட்டியலில் இருந்திருக்கக்கூடிய நாலைந்து எண்களைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்த தாள்தானே, படம்தானே என்று விடவும் முடியாது. ஸ்கேன் செய்த ஆவணங்களில் உள்ள எழுத்தைப் படித்து இண்டெக்ஸில் சேர்க்கத் தொடங்கியதாகக் கூகுள் அறிவித்தது 2008-இல்.

தளம் உங்களுடையது என்றால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மேலே சொன்ன சர்ச் கன்சோலைக் கூகுள் இலவசமாகவே தருகிறது. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்தால், எத்தனை பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறது, எவை இல்லை, ஏன் இல்லை என்பதை அது சொல்லும். ஒவ்வொரு வகையிலும் எடுத்துக்காட்டாக 1,000 முகவரிகள் வரைதான் காட்டும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். பெரிய தளம் என்றால் கோப்புறைவாரியாகப் பிரித்துப் பதிவு செய்து பார்க்கலாம். ஒரு முகவரியைக் குறிப்பாகக் கேட்கவும் வசதி இருக்கிறது. இண்டெக்ஸில் ஏறியதா, கடைசியாக எப்போது வந்து பார்த்தோம் என்று தேதியோடு பதில் தரும். சோதனையில் நான் இறுதியாக நம்புவது இந்தப் பதிலைத்தான்.

அதே கருவியில் பயனர்கள் என்றொரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் மூடாதீர்கள். முதன்முதலில் தளம் கட்டிக் கொடுத்துவிட்டு விலகிப்போனவர் இன்னும் உரிமையாளராக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத பெயர் அங்கே உரிமையாளராக இருந்தால் விஷயம் வேறு. தளத்துக்குள் புகுந்தவர்கள் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதுண்டு.

அப்படிப் புகுந்தவர்கள் செய்வதை இண்டெக்ஸைப் பார்த்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடிகிற சந்தர்ப்பங்களும் உள்ளன. கூகுள் 'ஜப்பானியச் சொல் ஹேக்' என்று பெயரிட்டு, அதைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. ஒரு தளத்துக்குள் புகுந்து, போலிப் பொருள்களை விற்கும் கடைகளுக்கு ஆள் சேர்க்க, ஜப்பானிய மொழியில் பக்கங்களைக் கொத்துக் கொத்தாக உற்பத்தி செய்வார்கள். தளத்தின் உரிமையாளர் அந்த முகவரியைத் திறந்தால் 'பக்கம் இல்லை' என்றே வரும். கூகுள்பாட் வந்தால் மட்டும் பக்கம் காட்டப்படும். முகப்பு வழக்கம்போல் இருக்கும், புகார் எதுவும் வராது. சைட் போட்டுத் தேடும்போதுதான் நம் ஊர்ப் பல் மருத்துவமனையின் பெயரில் ஜப்பானிய எழுத்துகள் அடுக்கடுக்காக வரும். அந்த நேரத்தில் பிரவுசரில் திறந்து பார்த்து, ஒன்றுமில்லையே என்று விட்டுவிடக் கூடாது. கூகுள் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று சர்ச் கன்சோலிடம் கேட்க வேண்டும்.

ரோபாட்ஸ் கோப்பு பற்றிய தப்பெண்ணத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்களே இதில் வழுக்குகிறார்கள். தளத்தின் வேரில் வைக்கும் சிறு எழுத்துக் கோப்பு அது. இந்தக் கோப்புறைக்குள் வராதே என்று தேடுபொறி நிரல்களுக்குச் சொல்வது. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த வழக்கம், 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான வரையறையானது. இந்த விதிகள் அனுமதிக் கட்டுப்பாடு ஆகாது என்று அந்த ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. நல்ல நிரல்கள் மதிக்கும், மற்றவை மதிக்காது. போதாததற்கு, அந்தக் கோப்பு யாரும் திறந்து படிக்கக்கூடியது. 'இந்த ரகசியக் கோப்புறைக்குள் வராதே' என்று அதில் எழுதுவது அந்தக் கோப்புறையின் பெயரை ஊருக்குச் சொல்வதாகும்.

மதிக்கிற கூகுளிடமும் அது நாம் நினைப்பதைச் செய்வதில்லை. வராதே என்றால் பக்கத்தை வந்து படிக்காது, அவ்வளவுதான். வேறு எங்காவது அந்த முகவரிக்கு இணைப்பு இருந்தால், படிக்காமலே முகவரியை இண்டெக்ஸில் சேர்த்துக்கொள்ளும். 'ரோபாட்ஸ் கோப்பு தடுத்தாலும் இண்டெக்ஸ் ஆகியுள்ளது' என்ற வகை சர்ச் கன்சோலில் இருப்பது இதற்காகத்தான். இண்டெக்ஸில் சேர்க்காதே என்று சொல்லும் குறி வேறு. நோஇண்டெக்ஸ் என்ற அந்தக் குறியைப் பக்கத்துக்குள் வைக்க வேண்டும். பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு சர்வர் அனுப்பும் ஹெடரில் வைக்க வேண்டும். அதை ரோபாட்ஸ் கோப்பில் எழுதினால் 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் கண்டுகொள்வதில்லை. இன்னும் பெரிய சிக்கல், பயந்துபோய் இரண்டையும் சேர்த்துச் செய்வது. பக்கத்தில் நோஇண்டெக்ஸ் வைத்துவிட்டு ரோபாட்ஸ் கோப்பிலும் தடை போட்டால், கூகுள்பாட் உள்ளே வராது. வராததால் அந்தக் குறியைப் படிக்காது. படிக்காததால் முகவரி இண்டெக்ஸிலேயே தங்கிவிடும்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. ஒத்திகையின்போது வேர்ட்பிரஸில் 'தேடுபொறிகள் வேண்டாம்' என்று தேர்வு செய்த பெட்டியைத் தளம் திறந்த பிறகும் எடுக்க மறப்பார்கள். தளமே தேடலில் இருக்காது. ஆனால் அது வியாபாரக் கஷ்டம். கவனித்துச் சரி செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் பிறந்த தேதி வெளியே போனால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ரகசியமான முகவரி போதும் என்ற நம்பிக்கை பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. 2018 ஜூலையில் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸில் பலருடைய கூகுள் ஆவணங்கள் வரத் தொடங்கின. 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' அல்லது எல்லாருக்கும் பொது என்று விடப்பட்ட ஆவணங்கள் அவை. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு இணைப்புகள் கூகுளில் லட்சக்கணக்கில் கிடைப்பது வெளியே வந்தது. ஆய்வாளர் ஜேன் மன்சுன் வோங் தேடியபோது கூகுள் காட்டிய எண்ணிக்கை சுமார் 4,70,000. தனிப்பட்ட குழு என்று நம்பியவர்களின் வாசல் அது. அந்தப் பக்கங்களில் நோஇண்டெக்ஸ் குறியைச் சேர்த்ததாக வாட்ஸ்அப் பிறகு சொன்னது.

அண்மைக் காலத்தில் இது உரையாடல்களுக்கு வந்துவிட்டது. 2025 ஜூலை இறுதியில், சாட்ஜிபிடியில் பகிரப்பட்ட உரையாடல்களில் 4,500 அளவுக்கு கூகுளில் கிடைப்பதை ஃபாஸ்ட் கம்பெனி இதழ் வெளியிட்டது. பகிரும்போது 'கண்டுபிடிக்கத்தக்கதாக்கு' என்றொரு பெட்டியைத் தேர்வு செய்தவர்களின் உரையாடல்கள் அவை. தேர்வு செய்த பலருக்கு அதன் பொருள் விளங்கியிருக்கவில்லை. ஓபன்ஏஐ அந்த வசதியை உடனே எடுத்துவிட்டது. அடுத்த மாதமே, குரோக் என்ற இன்னொரு உரையாடல் செயலியில் பகிரப்பட்ட 3,70,000-க்கும் மேற்பட்ட உரையாடல்கள் தேடலில் இருப்பதாக ஃபோர்ப்ஸ் எழுதியது. அங்கே கேட்பதற்கு ஒரு பெட்டிகூட இல்லை. மனச்சோர்வு பற்றி, மருந்து பற்றி, குடும்பச் சண்டை பற்றி நள்ளிரவில் கேட்டதெல்லாம் ஒரு முகவரியாகிவிட்டால், அது பக்கம்தான். கூகுள்பாட்டுக்குப் பக்கங்களுக்கிடையே வேறுபாடு தெரியாது.

இண்டெக்ஸை எதிரி படித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அறிந்த கடுமையான எடுத்துக்காட்டு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவினுடையது. வெளிநாடுகளில் உளவு சொல்கிறவர்களோடு தொடர்பு கொள்ள, விளையாட்டு, செய்தி என்று சாதாரணமாகத் தோன்றும் இணையதளங்களை அந்த அமைப்பு நடத்தியது. ஈரான் அதிகாரிகளுக்கு இரட்டை உளவாளி ஒருவர் மூலம் அப்படி ஒரு தளம் தெரியவந்தது. அதிலுள்ள தனித்த அடையாளங்களைக் கொண்டு கூகுளின் நுணுக்கத் தேடல் வசதிகளால் மற்ற தளங்களையும் கண்டுபிடித்தார்கள் என்று 2018 நவம்பரில் யாஹூ நியூஸ் விரிவாக எழுதியது. அதைத் தொடர்ந்து ஆட்கள் பிடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள், கொல்லப்பட்டவர்களும் உண்டு. 2022-இல் கனடாவின் சிட்டிசன் லேப், ஒரே ஒரு தளத்தில் தொடங்கி, யாருக்கும் கிடைக்கக்கூடிய பழைய தரவுகளை வைத்தே 885 தளங்கள் வரை கண்டறிந்தது. பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத ஓர் அமைப்பு, தன் பக்கங்கள் வெளியிலிருந்து எப்படித் தெரிகின்றன என்பதைப் பார்க்கத் தவறியது.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 மே மாதம் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் நான்கு அரசுத் தளங்களை மட்டும் ஆராய்ந்து, அவற்றின் வழியே 13 முதல் 13.5 கோடி ஆதார் எண்கள் வரை வெளியே தெரிந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. முதியோர் உதவித்தொகையும் நூறுநாள் வேலைக் கூலியும் வாங்குகிறவர்களின் எண்கள் அவற்றில் இருந்தன. அதே ஆண்டு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு, சுமார் 210 அரசுத் தளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் காட்டிக்கொண்டிருந்ததாக ஆதார் ஆணையமே பதில் தந்தது. கல்வி நிறுவனங்களின் தளங்களும் அதில் அடக்கம். அங்கே உட்கார்ந்து அந்தப் பட்டியல்களை ஏற்றியவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பயனாளிகள் பட்டியலைப் போடச் சொன்னார்கள், போட்டார்கள். எந்தப் பத்தியை நீக்கிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

கண்டுபிடித்துவிட்டால் செய்யவேண்டிய வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது, அது மாறினால் வேலை கெடும். முதலில் கோப்பையே சர்வரிலிருந்து அழிக்க வேண்டும், அல்லது கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைக்க வேண்டும். முகவரியைத் திறந்தால் 'இல்லை' என்றோ 'அனுமதி இல்லை' என்றோ வருகிறதா என்று வேறொரு போனில் சரிபார்க்க வேண்டும். பிறகுதான் சர்ச் கன்சோலின் நீக்கல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே கோரிக்கை வைத்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிவுகளிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அந்த மறைப்பு சுமார் ஆறு மாதத்துக்குத்தான். கோப்பை அழிக்காமல் கோரிக்கை மட்டும் வைத்தவருக்கு ஏழாம் மாதம் அது மறுபடி வந்து நிற்கும். அதற்குள் அவர் அதை மறந்தே போயிருப்பார்.

கூகுளோடு முடிவதும் இல்லை. பிங்குக்குத் தனியாக ஒரு கருவி உண்டு, அங்கேயும் கேட்க வேண்டும். டக்டக்கோ போன்றவை பெருமளவு பிங்கின் முடிவுகளைச் சார்ந்தவை என்பதால் அது இரட்டை முக்கியம். 2024-இல் கூகுள் தன் பழைய நகல் காட்டும் வசதியை நிறுத்திவிட்டது என்றாலும், வேபேக் மெஷின் போன்ற காப்பகங்களில் நகல் இருக்கலாம். இணையத்தை அள்ளிச் சேமிக்கும் காமன் கிரால் போன்ற தொகுப்புகளில் ஏறியிருந்தால், அதைப் பதிவிறக்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை.

இவ்வளவையும் அந்தப் பள்ளியில் செய்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கோப்புறையைத் துழாவியபோது அதுபோல இன்னும் மூன்று கோப்புகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை மட்டுமே கூகுள் காட்டியிருந்தது. மூன்றையும் அழித்தோம். கோப்புறையைத் திறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும் சர்வர் வசதியையும் நிறுத்தினோம். சேர்க்கைப் பட்டியலில் இனி விண்ணப்ப எண் மட்டும் போடுவது என்று தாளாளர் அலுவலகத்தில் எழுதி ஒட்டினார்.

கடைசியாக அவர் கேட்டார்: "பெத்தவங்ககிட்ட இதச் சொல்லணுமா சார்?"

சொல்லத்தான் வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறுதலாக வெளியே தெரிந்துவிடுவதையும் தரவு மீறலாகவே கொள்கிறது. மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தாளாளர் சட்டத்துக்காகக் கேட்கவில்லை. பட்டியலில் இருந்த பெண் பிள்ளைகளின் வீட்டு முகவரிகளை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பெற்றோருக்கான கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். என்ன விவரம் வெளியே இருந்தது, எப்போது அழித்தோம், தெரியாத எண்ணிலிருந்து பிள்ளையின் பெயரைச் சொல்லி யாராவது பேசினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுதியாயிற்று. எந்தத் தேதியிலிருந்து கூகுளில் இருந்தது, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டோம். சர்வரின் வருகைப் பதிவு 30 நாளுக்கு மேல் வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த 30 நாளில் கூகுள்பாட்டைத் தவிர மூன்று முகவரிகளிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எழுத எங்களிடம் எதுவும் இல்லை. 'தெரியவில்லை' என்றே எழுதினோம்.